இட்லி, தோசை தவிர நேற்றிரவு உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு? சாப்பிட்ட பிறகு என்ன குடித்தீர்கள்?

நொய்யற்கரை (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இரவுக்கு என்ன சமைத்தோம் என்று நேற்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஞாயிறு இட்லி, திங்கள் தோசை, செவ்வாய் ஊத்தப்பம், புதன் மறுபடியும் தோசை, வியாழன் பணியாரம். ஐந்து நாளும் ஒரே மாவுதான் வெவ்வேறு பாத்திரங்களில் வெந்திருக்கிறது. அதுவும் வீட்டில் ஆட்டிய மாவன்று. தெருமுனைக் கடையில் வாங்கிய பாக்கெட் மாவு. இட்லியையும் தோசையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது அவை பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரிய பலகாரங்களாக இருந்தன; அன்றாட இரவுச் சாப்பாடு வேறாக இருந்தது.

இதை நினைக்க வைத்தவள் என் மகள். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தனி அறை, ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, ஒரு வாணலி. இவ்வளவுதான் அவளுடைய சமையலறை. இரவு எட்டரை மணிக்கு அறைக்குத் திரும்புகிறாள். "அப்பா, ராத்திரிக்குத் தோசையை விட்டா நமக்கு வேற ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஆகவே நேற்று அரிசிம்பருப்புச் சாதம் வைத்தோம். கொங்குப் பகுதியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி இருபது நிமிடம் ஊற வைத்தேன். குக்கரில் கடலை எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயத்தையும் ஆறேழு பல் பூண்டையும் முழுதாகவே போட்டு வதக்கினேன். தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், உப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்த பிறகுதான் அரிசியையும் பருப்பையும் போட வேண்டும். மூன்று விசில் வந்ததும் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும் வரை திறக்கக் கூடாது. பொறுமை இல்லாமல் விசிலைத் தூக்கிவிட்டால் மேலே சோறும் அடியில் தண்ணீருமாக நிற்கும். திறந்ததும் முழு வெங்காயம் உருக்குலையாமல் இருக்க வேண்டும். அதைச் சோற்றோடு சேர்த்து நசுக்கிச் சாப்பிடுவதில்தான் இந்தச் சோற்றின் இனிப்பே இருக்கிறது. மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்ப் பொரியல், கடைசியில் அதே சோற்றில் தயிர்.

சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துச் சுக்குமல்லிக் காபி குடித்தோம். பெயரில்தான் காபி, காபித்தூள் கிடையாது. சுக்கு, கொத்தமல்லி விதை, கொஞ்சம் மிளகு, கருப்பட்டி. இதில் ஒரு குறை நேர்ந்தது. கருப்பட்டி என்று நம்பி ஒரு கடையில் வாங்கிய கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரைத் துகள் போல மினுமினுவென்று இருந்தது. காபியும் வெறும் இனிப்பாக இருந்ததே தவிர, பனையின் மணம் துளியும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். நேற்று இரவு வீட்டிலோ வெளியிலோ நீங்கள் உண்மையில் என்ன சாப்பிட்டீர்கள், எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டீர்கள், பிறகு என்ன குடித்தீர்கள்? விருந்துச் சாப்பாடு வேண்டாம். சாதாரண நாளின் சாப்பாட்டையே எழுதுங்கள். ஒரே பாத்திரத்தில் ஆகக்கூடியதாக இருந்தால் என் மகளுக்கு அப்படியே அனுப்பிவிடுவேன்.

பொருநை (பாளையங்கோட்டை)

அண்ணாச்சி, வணக்கம். உங்கள் மகளுக்கு ஏற்றது எங்கள் ஊரில் இருக்கிறது. தற்செயலாக நேற்று இரவு எங்கள் வீட்டிலும் அதுதான். உளுந்தஞ்சோறு.

தோல் நீக்காத உடைத்த கறுப்பு உளுந்தைத் தொலி உளுந்து என்போம். வெள்ளை உளுந்தில் இந்தச் சோற்றைச் செய்தால் நிறமும் வராது, மணமும் வராது. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தொலி உளுந்து எடுத்து, வெறும் வாணலியில் வாசம் எழும் வரை வறுத்துக் கழுவிக்கொள்ள வேண்டும். குக்கரில் அரிசி, உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், சீரகம், ஒரு முழுப் பூண்டின் பற்கள், ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகவே போட்டு மூடிவிடலாம். தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை. குழைந்து வந்ததும் நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவோம்.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். இது இல்லாமல் உளுந்தஞ்சோறு நிறைவடையாது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. எள்ளை வறுக்கும்போது வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் துவையல் கசந்துவிடும். மகளுக்கு அம்மி, மிக்ஸி எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. அப்படியானால் எள்ளையும் வரமிளகாயையும் உப்பையும் வீட்டிலேயே பொடித்துக் கொடுத்தனுப்புங்கள். நல்லெண்ணெயில் குழைத்தால் போதும். கறிக்குழம்பு வைக்கும் நாளில் உளுந்தஞ்சோற்றுக்கு அதுவும் பொருத்தமே.

இன்னொன்று. எங்கள் ஊரில் பெண் குழந்தைகள் வயதுக்கு வந்தால் இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களியும் உளுந்தஞ்சோறும் கொடுப்பார்கள். அதனாலேயே இதை யாரோ உடம்பு முடியாதவர்கள் சாப்பிடும் பத்தியம் என்று இப்போதுள்ள பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம். இது அன்றாடச் சோறு; எங்கள் அம்மா வாரம் ஒரு முறையாவது வைப்பாள்.

கருப்பட்டியைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியிலுள்ள உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறத்தான் நேரும். நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மங்கலான கருஞ்சிவப்பாக இருக்கும்; நீங்கள் பார்த்தது போல மின்னாது. வாயில் போட்டால் இனிப்போடு மெல்லிய உவர்ப்பும் தெரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். பதநீர் இறங்கும் கோடை மாதங்களிலேயே தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து, ஓலைக் கொட்டானோடு வாங்கிப் பரணில் வைப்பது எங்கள் வழக்கம்.

நேற்று நாங்கள் குடித்தது வெந்நீர்தான். உளுந்தஞ்சோறு சாப்பிட்ட வயிற்றில் வேறெதற்கும் இடமிருக்காது.

வைகைவாசி (மதுரை)

நான் தனியாக இருக்கிறேன். வேலை முடிய இரவு பத்து மணி ஆகிறது. அதனால் வாரத்தில் நான்கு நாளாவது வெளியில்தான் சாப்பாடு, நேற்றும் அப்படித்தான்.

நேற்று சாப்பிட்டது கறி தோசை. தலைப்பில் தோசையை விலக்கியிருக்கிறீர்கள். இருந்தாலும் இதை எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் இது உங்கள் வீட்டுத் தோசையன்று. ஊத்தப்பம் போலத் தடிமனாக மாவை ஊற்றி, அது பாதி வெந்ததும் முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்பி, அதன் மேல் மிளகும் வெங்காயமும் சேர்த்துச் சுண்ட வைத்த ஆட்டுக்கறியைக் கரண்டியால் அழுத்திப் பதிக்கிறார்கள். பிறகு திருப்பிப் போடும்போது கறி நேராகக் கல்லில் படுகிறது. கல்லின் சூட்டில் கறியின் ஓரங்கள் முறுகும் அந்த அரை நிமிடத்தில் எழும் வாசனைக்காகவே நான் மேசையில் உட்காராமல் கல்லின் அருகில் நிற்பேன். ஒன்று சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும்.

சாப்பிட்டுத் திரும்பும் வழியில் பருத்திப்பால் குடித்தேன். வெளியூர்க்காரர்கள் பருத்தியில் எப்படிப் பால் வரும் என்று கேட்பார்கள். பருத்தி விதையை இரவு முழுவதும் ஊற வைத்து, அரைத்துப் பிழிந்து, பாலை இரண்டு மூன்று முறை வடிகட்டுகிறார்கள். அதைக் கொதிக்க விட்டு, அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி, வெல்லம் அல்லது கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், சித்தரத்தை சேர்க்கிறார்கள். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரம் மெல்லிய தீயில் கொதித்துக்கொண்டே இருக்கும். குவளையில் ஊற்றித் தேங்காய்த் துருவலைத் தூவித் தருவார்கள். முதல் மடக்கில் சுக்கு தொண்டையைப் பிடிக்கும். அதற்குப் பிறகு குவளை காலியாவது தெரியாது. மதுரை என்றதும் எல்லாரும் ஜிகர்தண்டாவைச் சொல்கிறார்கள். அது நடுப்பகல் வெயிலுக்கு ஏற்றது. இரவுக்கு உரியது பருத்திப்பால் என்பதே என் உறுதியான கருத்து.

வெளியில் சாப்பிடுபவனாக ஓர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சென்ற மாதம் ஒரு கடையில் பரோட்டாவுக்கு ஊற்றிய சால்னா முந்தைய நாளுடையது. ஒரு வாய் வைத்ததுமே புளிப்பு தெரிந்தது. பசியில் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்தேன். அன்றிலிருந்து கூட்டம் உள்ள கடையில்தான் சாப்பிடுகிறேன். கூட்டம் உள்ள இடத்தில் நேற்றைய சால்னா மிஞ்சுவதற்கு வழியில்லை. உங்கள் மகள் வெளியில் சாப்பிட நேர்ந்தால் இதையும் சொல்லுங்கள்.

வலிகாமம் (யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். உங்கள் எழுத்துகளை வாசித்தபோது ஒன்று தோன்றியது. எங்களிடம் இரவுச் சாப்பாடு என்றாலே புட்டு அல்லது இடியப்பம்தான். இட்லியும் தோசையும் இடையிடையே வந்துபோகும். ஆகவே உங்கள் மகளின் கேள்வி எங்கள் வீட்டில் எழ வாய்ப்பே இல்லை, இங்கு பிள்ளைகள் "இண்டைக்கும் புட்டோ?" என்றுதான் கேட்பார்கள்.

நேற்று எங்கள் வீட்டில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிநீர் விட்டு அகப்பைக் காம்பால் குழைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே உரலில் இட்டுத் தட்டுகளில் பிழிய வேண்டும். மா ஆறிவிட்டால் பிழிவதற்குத் தோள்பட்டை வலிக்கும். 2022இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காத மாதங்களில் முற்றத்தில் விறகடுப்பு மூட்டினோம். நிலைமை சீரான பிறகும் இடியப்பத்துக்கு மட்டும் அந்த அடுப்பையே வைத்துக்கொண்டோம். பெரிய பானையில் ஒரே நேரத்தில் நிறையத் தட்டுகளை அடுக்கி அவிக்கலாம் என்பதே காரணம்.

பொருநையின் ஊரிலும் சொதி உண்டு என்பதை அறிவேன். திருநெல்வேலியில் திருமணத்துக்கு அடுத்த விருந்தில் பாசிப்பருப்பும் பல காய்களும் சேர்த்துத் தேங்காய்ப் பாலில் வைக்கும் மாப்பிள்ளைச் சொதியை ஒரு முறை அங்கு வந்தபோது சாப்பிட்டிருக்கிறேன். அது சோற்றுக்கு ஊற்றும் விருந்துக் குழம்பு. எங்கள் சொதி அன்றாடமானது, தண்ணீராக ஓடும். சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு ஆகியவற்றை இரண்டாம் பாலில் அவிய விட்டு, கடைசியில் தடித்த முதற்பாலை ஊற்றி, நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரைந்துவிடும். விரும்பினால் தக்காளி போடலாம். மீன் துண்டு இரண்டு போட்டால் இன்னும் நன்று. தேசிக்காய்ப் புளியை, அதாவது எலுமிச்சைச் சாற்றை, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் விடுவோம்.

சம்பலுக்குச் செத்தல் மிளகாயைச் சுட்டு, உப்போடு உரலில் இடித்து, தேங்காய்ப்பூவையும் வெங்காயத்தையும் சேர்த்து இடித்துத் தேசிப்புளி விடுகிறோம். மிக்ஸியில் அடித்தால் தேங்காய் கூழாகிவிடும்; ஒவ்வொரு பூவும் தனித்தனியாகச் சிவந்து நிற்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு இடியப்பம் பிழிய நேரம் இருக்காது. கடையில் வாங்கிய இடியப்பமோ, பாண் (ரொட்டி) துண்டுகளோ, வெறுஞ்சோறோ எதுவாக இருந்தாலும் சொதி மட்டும் இருந்தால் போதும்; கால் மணி நேரத்தில் ஒரே சட்டியில் முடிந்துவிடும். தேங்காய்ப் பால் பிழிவது சிரமம் என்றால் கடைகளில் பெட்டியில் விற்கும் பாலைத் தண்ணீர் கலந்து இரண்டாம் பாலாகவும், அப்படியே முதற்பாலாகவும் பயன்படுத்தலாம். நானும் வேலை அதிகமான நாளில் அப்படித்தான் செய்கிறேன்.

குடித்தது வெறுந்தேத்தண்ணி. சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் கடித்து, தேநீரை ஒரு மிடறு குடித்து, மறுபடியும் கடிக்க வேண்டும். எங்கள் பனங்கட்டியும் உங்கள் கருப்பட்டியும் ஒரே பனையின் பிள்ளைகள்தாம்.

தகடூரான் (தருமபுரி)

ஐயா, மகள் இருப்பது ஓசூர் என்கிறீர்கள். கேழ்வரகு விளையும் சீமையில் இருந்துகொண்டு மாவுப் பாக்கெட்டை நம்பி இருக்க வேண்டியதில்லை.

நேற்று எங்கள் வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி நொய்யரிசியைப் போட்டு வேக விட்டு, மேலே ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி செய்துவிட வேண்டும். அந்தக் குழி வழியாகக் கொதிநீர் பொங்கி வந்து மாவை வேக வைக்கும். பத்து நிமிடம் கழித்துக் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக் கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டாவிட்டால் இறக்கலாம். முதல் நான்கைந்து முறை கட்டி தட்டத்தான் செய்யும். அதற்காக விட்டுவிடக் கூடாது. களியை மென்று சாப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சிறு உருண்டையாகக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டை வரத்து இருக்கும்போது அங்குள்ள சந்தையில் கிடைக்கும் கொட்டைகளை இரவு ஊற வைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்போம். களிக்கு அதைவிடப் பொருத்தமான குழம்பு இல்லை என்பேன். வேலைக்குப் போகும் பெண் இதற்கெல்லாம் விடுமுறை நாளில்தான் உட்கார முடியும்.

குடித்தது நீர்மோர். மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டுவைத்தோம். இன்று காலை அதைக் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தாயிற்று.

நொய்யற்கரை (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் மகளுக்கு அனுப்பினேன். அவள் முதலில் தேர்ந்தெடுத்தது உளுந்தஞ்சோறு. தொலி உளுந்து ஓசூரில் இரண்டாவது கடையிலேயே கிடைத்துவிட்டது. எள்ளுப்பொடிக்கு மட்டும் இந்த வாரக் கடைசியில் அவள் வீட்டுக்கு வரும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதால், நேற்று ஊறுகாயோடு சாப்பிட்டிருக்கிறாள். பொருநை அதை மன்னிக்க வேண்டும். வெந்தயம் கசக்குமோ என்று பயந்து பாதி அளவுதான் போட்டாளாம்; சாப்பிட்ட பிறகு, முழு அளவு போட்டிருக்கலாம் என்று தோன்றியதாகச் சொன்னாள்.

தகடூரானின் களியை அடுத்த ஞாயிறு நானே இங்கு கிண்டிப் பார்க்கப் போகிறேன். எங்கள் பக்கத்திலும் முன்பு ராகிக் களியும் சோளச் சோறும் இருந்தன. என் தந்தையின் தலைமுறையோடு அவை எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டன. போனதை நான் இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை.

நேற்று எங்கள் வீட்டில் வலிகாமம் எழுதியபடி சொதி வைத்தோம். கொங்கு நாட்டில் எங்களுக்குச் சந்தவை என்று ஒன்று உண்டு. புழுங்கலரிசியை ஆட்டி, இட்லியாக வேக வைத்து, சூட்டோடு பிழிவது. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஊற்றித்தான் அதைச் சாப்பிட்டுப் பழக்கம். நேற்று முதல் முறையாகச் சொதியை ஊற்றிச் சாப்பிட்டோம். இனிப்புப் பாலையே எதிர்பார்த்த நாக்குக்கு முதல் வாய் சற்று வியப்பாக இருந்தது. இரண்டாவது தட்டுக்கு யாரும் சர்க்கரை டப்பாவைத் தேடவில்லை. பிறகு வெறுந்தேநீர் போட்டு, நண்பர் ஒருவர் சாத்தான்குளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். பொருநை சொன்ன உவர்ப்பு அதில் இருந்தது.

ஒரே ஒரு தவறு நேர்ந்தது. ஒரு முழு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டதால் சொதி கொஞ்சம் புளித்துவிட்டது. பால் திரையவில்லை, இறக்கிய பிறகுதான் பிழிந்தோம். எவ்வளவு தேங்காய்க்கு எவ்வளவு எலுமிச்சை என்று சொல்ல முடியுமா?

வலிகாமம் (யாழ்ப்பாணம்)

சந்தவைக்குச் சொதி என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை, அண்ணா. இங்கும் செய்து பார்ப்போம். செய்முறையை விரிவாக எழுதுங்கள்.

அரை மூடித் தேங்காயின் பாலுக்குப் பாதித் தேசிக்காய் போதும். தக்காளி போட்டிருந்தால் அதுவும் குறையும். சட்டியை இறக்கி ஐந்து நிமிடம் ஆற விட்டு, முதலில் சில துளிகள் விட்டுக் கலக்கிச் சுவைத்துப் பாருங்கள். புளி கூடிவிட்ட நாளில் சர்க்கரை போட்டு ஈடுகட்ட வேண்டாம். ஒரு கரண்டி முதற்பாலைத் தனியே எடுத்து வைத்திருந்து அதை ஊற்றினால் சரியாகிவிடும்.